மூன்றாவது வீட்டு ராணி

கொழிஞ்சாம்பாறை
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புத் தங்கை சுஷ்மாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற கடிதங்களிலும் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். நீ ஒன்றாம் வகுப்பு, உன்னால் இன்னும் வாசிக்க முடியாது. அப்பாவுக்கு ஷிப்ட் என்றால் பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் சளி போயிற்றா? இங்கே ஹாஸ்டலில் யாரும் கம்பளி போர்த்துவதில்லை. காற்று மட்டும் எந்நேரமும் அடிக்கிறது, தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. வரும் வழியில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கு இரண்டு பன் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசிக்கவில்லை என்றார். அது உண்மையில்லை.

ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. நம் எஸ்டேட் லயத்து வீடுகளில் டவரும் இல்லை. அதனால் கடிதம்தான். பள்ளி நூலகத்தில் வெளிநாட்டுக் கதைகள் கொண்ட ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. அதில் வருகிற அரண்மனையும் பனியும் உனக்குப் புரியாது. அதனால் ஒரு கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கேள்.

நம் மேல் டிவிஷனில், பத்து வீட்டு லயத்தில், மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மா செத்துப்போனாள். அவள் அப்பா ஒரு புது ராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராணி தினமும் காலையில் பீல்டு ஆபீசரின் பைக் கண்ணாடியில் முகம் பார்த்து, "இந்த டிவிஷனில் யார் அழகி?" என்று கேட்பாள். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மூன்றாவது வீட்டுப் பெண்" என்றது. ராணி அவளைக் காட்டுக்குத் துரத்தினாள். காட்டுக் குடிசையில் தேயிலைக்கு மருந்தடிக்கிற அண்ணன்மார் ஏழு பேர் இருந்தார்கள். அவளுக்குக் கஞ்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ராணி விடவில்லை. ஒரு மரத்தக்காளிப் பழத்தை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியில் பூச்சிமருந்தைத் தடவி, சர்க்கரை தூவிக் கொண்டுபோனாள். மருந்தில்லாத பாதியை ராணி தின்றுகாட்டினாள். மருந்துப் பாதியைத் தின்ற பெண் விழுந்துவிட்டாள். அண்ணன்மார் அவளை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். நம் ரோடு தெரியுமே. மூன்றாவது குழியில் ஜீப் தூக்கிப் போட்டதில் தொண்டையில் இருந்த துண்டு வெளியே வந்து விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி இருக்கிறது? அப்பாவைக் கேட்டதாகச் சொல். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். வார்டன் சரஸ்வதியம்மாள் வந்துவிட்டார். "கண்ணு, ஒம்பது மணியாச்சு, எழுதுனது போதும்" என்கிறார். நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
ஆர்த்தி


மேல் டிவிஷன், மூணாறு
27.6.2025

அன்புள்ள ஆர்த்திக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இது சுஷ்மா சொல்லச் சொல்ல எழுதுகிறது.

அக்கா, கதை நல்லாருந்துச்சு. அந்த ஏழு அண்ணன்ல நம்ம மொக்கையன் மாமா உண்டா? அவங்கதான மருந்தடிக்கிறாங்க. நான் கேட்டேன், சிரிக்கிறாங்க, சொல்ல மாட்டேங்கிறாங்க. மரத்தக்காளியில எந்தப் பக்கம் மருந்து இருக்கும்னு பாத்தாத் தெரியுமா? அடுத்த கடுதாசியில கட்டாயம் எழுது. எனக்கு ஒரு பல்லு விழுந்துருச்சு. கூரையில போட்டாச்சு.

சொன்னது இவ்வளவுதான். தபால் பை கம்பெனி லாரியில் வருகிறது, மழையில் ரோடு அடைத்ததால் உன் கடிதம் வர நாளாயிற்று. சளி இப்போது இல்லை. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் எழுது.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து


கொழிஞ்சாம்பாறை
13 ஜூலை 2025

அன்புச் சுஷ்மாவுக்கு,

உன் பல் விழுந்த செய்தியை அறையில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நான் சுகம். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, உள்ளதை எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். இப்போது இல்லை. ராமலட்சுமி அக்காவின் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் நன்றி சொன்னதாகச் சொல்.

மருந்து எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரியாது. அதுதான் கதையின் பயமே.

எங்கள் தமிழ் ஆசிரியர் ஏசுரத்தினம் சார் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். மரத்தக்காளிக் கதையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த ஜீப் குழி அசலான குழி" என்றார். ஆண்டு இதழுக்கு இன்னொன்று எழுதச் சொன்னார். அதற்கு முன் உனக்கு ஒன்று.

ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட்டில் வேலை இல்லை. வீட்டில் அரிசி இல்லை. புதிதாக வந்த ராணி அப்பாவிடம், "பிள்ளைகளை மறையூர்க் காட்டில் விட்டுவிட்டு வா. நாம் இருவரும் பிழைப்போம்" என்றாள். அப்பா நல்லவர், ஆனால் ராணி சொல்வதைக் கேட்பார். அக்கா இதைக் கேட்டுவிட்டாள். அவள் பையில் பொரியை நிரப்பிக்கொண்டு வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். ஆனால் மைனாக்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. சந்தன மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. சுவரெல்லாம் மறையூர் வெல்லம், கூரை முறுக்கு, ஜன்னல் கம்பிகள் கரும்பு. தங்கை கதவை நக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கிழவி...

மீதியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கிழவியிடமிருந்து பிள்ளைகள் தப்பித்துவிடுகிறார்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. வீட்டுக்கு வந்து பார்த்தால் ராணி செத்துப்போயிருந்தாள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவைப் பசியோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்.

உன் அக்கா,
ஆர்த்தி


மேல் டிவிஷன், மூணாறு
3.8.2025

அன்புள்ள ஆர்த்திக்கு,

இங்கே யாருக்கும் நோய் நொடி இல்லை. காய்ச்சல் மறுபடி வந்ததா என்று எழுது. காய்ச்சல் விட்டாலும் நான்கு நாள் தலைக்குக் குளிக்காதே.

இந்தத் தடவை சுஷ்மா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். கதையை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். வெல்ல வீட்டை விட, பொரி போடுகிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகும்போது சட்டைப்பையில் பொரி வைத்துக்கொள்கிறாள். கூடப் போகிறவர்களை விட்டுப் பத்தடி பின்னால் நடக்கிறாள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறாள்.

பின்பக்கத்து மரத்தக்காளி பழுத்துவிட்டது. தின்ன ஆள் இல்லை. போன வருஷம் சுஷ்மா பழுக்கவே விடவில்லை.

சாப்பாடு குறைவுதான். லைட்டைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள். கரண்டு போனால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்.

ஓணம் லீவுக்கு வருவாயா? வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து


கொழிஞ்சாம்பாறை
24 ஆகஸ்டு 2025

அன்புச் சுஷ்மாவுக்கு,

காய்ச்சல் வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டேன், கடிதம் வருவதற்கு முன்பே. ஒன்றும் ஆகவில்லை.

நீ பொரி போட்டுக்கொண்டு போவதை வாசித்து நான் தனியாகச் சிரித்தேன். ஒரு கதை எழுதியவளுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஏசுரத்தினம் சாரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் தங்கைக்கு வயது என்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஓணத்துக்கு வர முடியாது. ஆண்டு இதழ் வேலை இருக்கிறது. ஹாஸ்டலில் இன்னும் நான்கு பேர் ஊருக்குப் போகவில்லை. இதில் எழுதாமல் விட்டது ஒன்றும் இல்லை.

மூன்றாவது கதை இதோ. ஆண்டு இதழுக்கும் இதைத்தான் கொடுக்கப்போகிறேன். பெரிய பங்களாவில் கிறிஸ்துமஸ் விருந்து. ராணி மூன்றாவது வீட்டுப் பெண்ணைப் போகவிடாமல் அடுப்புச் சாம்பல் அள்ளச் சொன்னாள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற ஒரு பழைய லாரி திடீரென்று பளபளவென்று மாறி அவளை ஏற்றிக்கொண்டு போனது. கடைசி ட்ரிப்புக்குள் திரும்பாவிட்டால் லாரி பழையபடி ஆகிவிடும். அவசரத்தில் ஓடி வந்தபோது அவளுடைய ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. மறுநாள் மேனேஜர் மகன் அந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு லயம் லயமாக வந்தான். இங்கேதான் எனக்குச் சிக்கல். கம்பெனி கொடுக்கிற பூட்ஸ் எல்லாமே ஒரே அளவு. எல்லாப் பெண்களுக்கும் பொருந்திவிட்டது, சரஸ்வதியம்மாளுக்கே பொருந்தும். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் பூட்ஸுக்குள் ஒரு காலுறையும் மாட்டிக்கொண்டது என்று எழுதினேன். குதிகாலில் கிழிந்து, நீல நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த காலுறை. அதன் ஜோடி அவளிடம் இருந்தது. ராணி தலைகுனிந்து ஊரைவிட்டே போனாள்.

பூட்ஸ் இல்லாமல் நடக்காதே, அட்டை ஏறும்.

உன் அக்கா,
ஆர்த்தி


மேல் டிவிஷன்
5.10.2025

ஆர்த்திக்கு அப்பா எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. ஓணத்துக்குப் பிறகு இங்கிருந்து கடிதம் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எழுத வேண்டியவள் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

சுஷ்மா சித்தி கையால் எதுவும் வாங்கித் தின்பதில்லை. நாலு மாதம் ஆகப்போகிறது. முதலில் பழம் வேண்டாம் என்றாள். பிறகு சோறும் வேண்டாம் என்றாள். ராமலட்சுமி வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். தலை பின்ன விடுவதில்லை. நேற்று நான் கேட்டேன். "மூணாவது வீடு நம்ம வீடுதானப்பா? அக்கா உள்ளத உள்ளபடி எழுதுவேன்னு எழுதியிருக்கால்ல?" என்றாள். கடுதாசியில் வருவது செய்தி என்றுதான் அவளுக்குத் தெரியும். கதை என்று தெரியாது.

லயத்தில் பேச்சாகிவிட்டது. புதிதாக வந்தவள் பிள்ளையை என்ன செய்தாளோ என்று குழாயடியில் பேசுகிறார்கள். உன் சித்தி யாருக்கும் பதில் சொல்வதில்லை. கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருக்கிறேன் என்கிறாள். பை கட்டி வைத்திருக்கிறாள். போனால் திரும்பி வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. உன் கடிதங்களை வாசித்துக் காட்டுவது நானும் இல்லை, ராமலட்சுமியும் இல்லை. உன் சித்தி வேலுத்தாய்தான். பதில் எழுதுவதும் அவள்தான். பத்தாவது பாஸானவள், அது உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. நன்றாகச் சாப்பிடு.

அப்பா,
வீரபாண்டி


கொழிஞ்சாம்பாறை
12 அக்டோபர் 2025

அன்புச் சுஷ்மாவுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும்.

நான் எழுதிய மூன்று கதைகளும் பொய். ராணி என்று ஒருத்தி நம் டிவிஷனில் கிடையாது. பைக் கண்ணாடி பேசாது. மறையூரில் வெல்ல வீடு இல்லை. அந்தக் கதைகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ எப்போதோ சொன்னவை. அவற்றை நம் லயத்தில் கொண்டுவந்து வைத்தது நான்தான். சித்தி பழத்தில் எதுவும் தடவ மாட்டார். அவர் நறுக்கித் தருவதைப் பயப்படாமல் தின்னு. தலையைப் பின்ன விடு. பக்கத்திலேயே நட.

இது உண்மை. சத்தியமாக உண்மை.

உன் அக்கா,
ஆர்த்தி


மேல் டிவிஷன், மூணாறு
2.11.2025

அன்புள்ள ஆர்த்திக்கு, சித்தி வேலுத்தாய் எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு இருமல், கஷாயம் கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சுஷ்மா முழுவதும் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீங்க மாத்தி வாசிக்கிறீங்க" என்றாள். ராமலட்சுமி அக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அதே வரிதான் வந்தது. உடனே, "அப்ப நீங்களே எழுதி கவர்ல போட்டு வச்சிருக்கீங்க" என்றாள். ராமலட்சுமி சிரித்துவிட்டாள். "யாத்தே, இவள வக்கீலுக்குப் படிக்க வைக்கணும்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே போய்விட்டேன்.

உன் அப்பா என்னைக் கேட்டார், நீயும் மனதுக்குள் கேட்பாய். ராணி என்று வந்த இடத்தில் பூதம் என்று மாற்றி வாசித்திருக்கலாமே என்று. முதல் கதையிலேயே அப்படி நினைத்தேன். ஆனால் சுஷ்மா இன்னும் இரண்டு வருஷத்தில் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். அந்தக் கடிதங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். அன்றைக்கு எடுத்து வாசித்துப் பார்த்தால், சித்தி நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாது. உன் கடிதம் உன்னுடையது. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

பொரி எனக்கும் பழகிவிட்டது. முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால் பாதையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். மைனாவுக்குக் கொண்டாட்டம்.

உன் மேல் கோபம் இல்லை. மூன்றாவது கதையில் நீல நூல் தையலை எழுதியிருந்தாய். அந்தக் காலுறையைப் போன வருஷம் நீ தூங்கின பிறகு நான் தைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. நீ கவனித்திருக்கிறாய், அது போதும்.

கிறிஸ்துமஸ் வரை பார், பிறகு ஊருக்குப் போகலாம் என்று உன் அப்பா சொல்கிறார். பார்க்கலாம்.

இப்படிக்கு,
வேலுத்தாய்


கொழிஞ்சாம்பாறை
16 நவம்பர் 2025

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஐந்து மாதமாக நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. அனுப்பிய கடிதங்களை எடுத்துப் பார்க்க முடியாது, ஆனால் எனக்கே தெரியும். இப்போது கேட்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று சொன்னவள் எழுதாமல் விட்டவை இவை.

ஒன்று, மூன்றாவது வீடு கைதவறி வந்ததில்லை. பத்து வீட்டில் ஏதாவது ஒன்றை எழுதியிருக்கலாம். எழுதும்போது எனக்குத் தெரிந்திருந்தது. சுஷ்மாவுக்காக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டு எனக்காக எழுதினேன்.

இரண்டு, ஹாஸ்டலுக்கு வந்தது படிப்புக்காக மட்டும் இல்லை. ஓணத்துக்கு வராததும் பத்திரிகைக்காக இல்லை. ஆண்டு இதழுக்கு அன்று வேலையே இல்லை.

காலுறையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். யார் தைத்தது என்று நான் யோசித்ததே இல்லை. கவனித்தேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தையலைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது கதையை ஏசுரத்தினம் சாரிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். காரணத்தைச் சொன்னேன். "கதையை ஊருக்குக் கூட்டிவந்தால் அதற்கு யார் வீட்டில் இடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்" என்றார்.

கடிதத்தால் சரிசெய்ய முடியாது என்று புரிந்துவிட்டது. நான் எழுதினாலும் அதை வாசிப்பவர் நீங்கள். அதனால் வருகிறேன். டிசம்பர் 24 காலை பஸ். அதுவரை நீங்கள் போகக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போகாதீர்கள்.

ஆர்த்தி


மேல் டிவிஷன், மூணாறு
7.12.2025

அன்புள்ள ஆர்த்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கேட்டதற்குச் சொல்கிறேன், முழங்கால் வலி இருக்கிறது, ஏற்றத்தில் மட்டும்.

உடுமலையில் பஸ் மாறும்போது மூணாறு பஸ்ஸில் இடதுபக்கம் உட்காராதே, வளைவில் வாந்தி வரும். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஸ்வெட்டர் போட்டுக்கொள். அப்பா டவுனுக்கு வந்து நிற்பார்.

சுஷ்மாவுக்காக மட்டும் வருவதாக இருந்தால் பிரயாணம் சிரமம்தான். மற்றபடி வா.

மரத்தில் காய் இருக்கிறது. நீ வரும்போது பழுத்துவிடும்.

சித்தி


கொழிஞ்சாம்பாறை
5 ஜனவரி 2026, திங்கள்

அன்புள்ள சித்திக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வலதுபக்கம்தான் உட்கார்ந்தேன். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தீர்களா? நீங்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சரஸ்வதியம்மாளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். "உங்க சித்தி கைப்பக்குவம் நல்லா இருக்குது கண்ணு, எங்கூட்டுல இப்படி வராது" என்றார்.

பத்து நாளும் நாம் ஒரே வீட்டில் இருந்தோம், நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் பக்கத்திலிருந்து தெரியாத சில விஷயங்கள் உண்டு.

வந்த அன்று ஜீப்பை விட்டு இறங்கியதுமே சுஷ்மா என்னைத் தேயிலைப் புதருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, பழம் குடுத்தா தின்னாத" என்றாள். தின்பேன் என்றேன். அவள் அழவில்லை. "அப்ப ஜீப்ப நிறுத்தி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டாள். குழியில் போட்டு எடுக்கத்தான். டிரைவரிடம் போய்ச் சொல்லியும் விட்டாள். அவர் பத்து நிமிடம் நின்றது அதனால்தான், டயர் பார்க்க இல்லை.

நீங்கள் மரத்தக்காளியை நறுக்கிச் சர்க்கரை தூவித் தட்டில் வைத்தீர்கள். நான் கையை நீட்டாமல் வாயைத் திறந்தேன். நீங்கள் கரண்டியில் ஒரு துண்டை அள்ளினீர்கள். வாயைத் திறந்தது நான் முன்பே யோசித்து வைத்திருந்தது, சுஷ்மா பார்க்க வேண்டும் என்று. ஆனால் கரண்டி வாய்க்கு அருகில் வந்ததும் என்னால் முடியவில்லை. பயம் இல்லை. எனக்குக் கடைசியாக ஊட்டியது அம்மா. அதற்குப் பிறகு யாரையும் விடவில்லை. உங்கள் விரலில் கொழுந்துக் கறை இருந்தது, அம்மாவின் விரலிலும் இருக்கும். நீங்கள் கரண்டியைத் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. காத்துக்கொண்டு நின்றீர்கள். அதனால்தான் வாங்கிக்கொண்டேன். முதல் வாய்தான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு சுஷ்மா என் எதிரில் உட்கார்ந்து நூறு வரை எண்ணினாள். மூன்று தடவை. இரண்டாவது தடவையில் அறுபதுக்குப் பிறகு மறந்துவிட்டு மறுபடி நாற்பதுக்குப் போனாள். இடையிடையே என்னைக் கிள்ளிப் பார்த்தாள். என் கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

கடுதாசியையும் கதையையும் எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். புரியவில்லை. பிறகு தகரப் பெட்டியை எடுத்து மூன்று கதைகளையும் கத்தரிக்கோலால் கடிதங்களிலிருந்து வெட்டினோம். ஒரு பழைய நோட்டில் ஒட்டினோம். பெட்டியில் இருப்பது நடந்தது, நோட்டில் இருப்பது நடக்காதது. இது அவளுக்குப் புரிந்தது. அவளே "வெல்ல வீட்டையும் நோட்டுல ஒட்டணுமா?" என்று வருத்தமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான்காம் நாள் பாதிப் பழம் தின்றாள், நான் கடித்துவிட்டுக் கொடுத்த பாதியை. ஏழாம் நாள் தலை பின்ன உட்கார்ந்தாள், கையில் கண்ணாடியை வைத்து உங்களைப் பார்த்துக்கொண்டே. இவை உங்களுக்குத் தெரியும். பொரி மட்டும் கடைசி வரை சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அவள் கீழே போடவில்லை. தின்றுகொண்டு வந்தாள். உங்களுக்கு ஒன்று கொடுத்ததையும் பார்த்தேன்.

கட்டிலுக்கு அடியில் உங்கள் பை கட்டியபடியே இருந்ததையும் பார்த்தேன். கிளம்பும் அன்றும் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பையைப் பிரிப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்கும் முன் ஒரு செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்த மறுநாளே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இது பெட்டியில் வைக்க வேண்டிய கடிதம், நோட்டில் ஒட்ட வேண்டியது இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். நானும் சுஷ்மாவும் பாயில் படுத்திருந்தோம், லைட் எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது. அவள் கம்பளிக்குள்ளிருந்து, "சித்தி வேலைய முடிச்சிட்டு இங்கதான வருவாங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான். வேற எங்க போவாங்க?"

"இருட்டுல வழி தெரியுமா அவங்களுக்கு?"

"அவங்க வீடுதான, தெரியும்" என்றேன்.

கம்பளியை விலக்கினாள். பிறகு எழுந்து போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வாசல்படியில் நின்று, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாதே என்று சுஷ்மா என் கையைக் கிள்ளினாள். அதனால் நான் பேசவில்லை. நீங்கள் தடவித் தடவி வந்து அவளுக்குப் பக்கத்தில் படுத்தீர்கள்.

கரண்டு போகவில்லை, சித்தி. அரிசி டின்னை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, கால் விரலில் நின்று எட்டி, சுஷ்மாதான் விளக்கை அணைத்தாள்.

உங்கள்
ஆர்த்தி